எலும்பு நேரான பிறகும் கால் ஏன் வருவதில்லை? தண்டுவடக் காயமும் நோய் எதிர்ப்புச் செல்களும்

“எலும்பைத்தான் பிளேட்டு வச்சு நிமித்தியாச்சே, அப்புறம் ஏண்ணே கால் வரல?”

காரைக்குடி வட்டாரத்தில் தண்டுவடத்தில் அடிபட்டவர் இருக்கும் வீடுகளில் இந்தக் கேள்வி தவறாமல் வரும். ஐப்பசி மழைக்கு முன்னால் பழைய வீட்டின் ஓட்டைப் பிரித்து அடுக்கும்போது சறுக்கி விழுந்த கொத்தனாராக இருக்கலாம். பனையிலிருந்து விழுந்தவராகவோ, திருச்சி–இராமேசுவரம் சாலையில் பைக்கோடு கவிழ்ந்த பையனாகவோ, மஞ்சுவிரட்டு பார்க்கப் போய் மாடு தூக்கியெறிந்தவராகவோ இருக்கலாம். மதுரையிலோ திருச்சியிலோ ஆபரேஷன் முடிந்து ஊர் திரும்புகிறார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு நேராக இருக்கிறது. கால் மட்டும் அசையவில்லை.

உடைந்தது எலும்பு, நசுங்கியது அதற்குள்ளே இருக்கும் தண்டுவடம். சுண்டுவிரல் பருமனும் ஏறத்தாழ 45 செ.மீ. நீளமும் கொண்ட அந்த வடத்தை உடைந்த எலும்பு முழுதாகத் துண்டித்துவிடுவது குறைவு. பெரும்பாலும் நசுக்கிவிட்டு விலகுகிறது. நடுவில் இருக்கும் சாம்பல்நிறத் திசுவில் ரத்தம் கசிகிறது. ஓரத்து நரம்பு நார்களில் ஒரு பகுதி தப்பிக்கிறது. அப்படித் தப்பியதெல்லாம் கடைசிவரை தப்புவதில்லை. இதை முதலில் சோதித்துக் காட்டியவர் அமெரிக்காவின் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஆல்பிரட் ஆலன். 1911-இல் நாய்களின் தண்டுவடத்தில் ஒரு குறிப்பிட்ட எடையைக் குறிப்பிட்ட உயரத்திலிருந்து விழவைத்து, காயத்தை அளந்து உண்டாக்கும் முறையை அவர் உருவாக்கினார். அடிபட்ட இடத்தைக் கீறி, தேங்கிய ரத்தத்தையும் நீரையும் வெளியேற்றிய நாய்கள் மற்றவற்றைவிட நன்றாகத் தேறின. அடி மட்டுமே காரணம் என்றால் இப்படி நடக்காது. அடிக்குப் பிறகு அங்கே ஏதோ ஒன்று தொடர்ந்து கெடுதல் செய்கிறது என்று 1914-இல் அவர் எழுதினார்.

அந்த ‘ஏதோ ஒன்றில்’ பல காரணிகள் அடக்கம். ரத்த ஓட்டம் தடைபடுவது ஒன்று. செத்த நரம்புச் செல்கள் கொட்டும் குளுட்டமேட் (நரம்புகள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் வேதிப்பொருள்) பக்கத்துச் செல்களையும் கொல்வது இன்னொன்று. இவற்றோடு மணிக்கணக்கிலும் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் நீடிப்பது நோய் எதிர்ப்புச் செல்களின் வேலை. அந்த வேலை இரண்டு இடங்களில் இரண்டு விதமாகத் தடம் புரள்கிறது என்பதுதான் இங்கே சொல்ல வந்த செய்தி. தண்டுவடத்துக்குள் அந்தச் செல்கள் கூடிப்போய் ஓயாமல் நிற்கின்றன. அதே நேரத்தில் நுரையீரலையும் சிறுநீர்ப்பையையும் காக்க வேண்டிய எதிர்ப்பு குறைந்துபோகிறது. முதல் பாதியைப் பற்றி ஆராய்ச்சிகள் நிறையப் பேசுகின்றன. இரண்டாம் பாதிதான் வீட்டில் பார்த்துக்கொள்பவர் கையில் இருக்கிறது.

அடிபட்ட சில நிமிடங்களிலேயே அசைபவை மைக்ரோகிளியா என்ற எதிர்ப்புச் செல்கள். ஸ்பெயின் நாட்டு பியோ டெல் ரியோ ஒர்த்தேகா 1919-இல் இவற்றைத் தனி இனமாக அடையாளம் காட்டினார். இவை மூளையிலும் தண்டுவடத்திலும் நிரந்தரமாகக் குடியிருப்பவை. கரு வளரும் தொடக்க நாட்களில், எலும்பு மஜ்ஜை உருவாவதற்கு முன்பே, கருவின் மஞ்சட்கருப் பையிலிருந்து கிளம்பி நரம்பு மண்டலத்துக்குள் வந்து தங்கிவிடுகின்றன என்று 2010-இல் எலிகளில் தெரியவந்தது. ஓய்வில் இருக்கும்போதும் தங்கள் மெல்லிய கிளைகளை நீட்டிச் சுருக்கிச் சுற்றிலும் தடவிக்கொண்டே இருக்கும். எங்காவது ஒரு ரத்தக் குழாய் கிழிந்தால் அந்தக் கிளைகள் அதை நோக்கி நீண்டு, கிழிந்த இடத்தைச் சூழ்ந்துகொள்ளும். உயிருள்ள எலியின் மூளையிலேயே நுண்ணோக்கி வழியாக இதைப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள்.

அடுத்து வருபவை நியூட்ரோபில்கள் என்ற வெள்ளணுக்கள். ரத்தத்தில் மிதக்கும் இவை சில மணி நேரத்தில் காயத்துக்குள் இறங்கத் தொடங்குகின்றன. எலிகளில் முதல் நாளை ஒட்டியும், மனிதர்களில் முதல் மூன்று நாட்களிலும் இவற்றின் கூட்டம் அதிகம். கிருமியைக் கொல்ல இவை வைத்திருக்கும் நொதிகளும் ஆக்சிஜன் வேதிப்பொருட்களும் கிருமியே இல்லாத இந்தக் காயத்திலும் கொட்டப்படுகின்றன. ரத்தத்துக்கும் தண்டுவடத்துக்கும் நடுவில் இருக்கும் தடுப்பு அதனால் இன்னும் தளர்கிறது, வீக்கம் ஏறுகிறது. அப்படியென்றால் நியூட்ரோபில்லை அகற்றிவிடலாமே என்று தோன்றும். அதையும் எலிகளில் செய்து பார்த்தார்கள். சில சோதனைகளில் காயம் ஆறுவது இன்னும் மோசமானது.

மூன்றாம் நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் ரத்தத்தின் மோனோசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் உள்ளே வந்து மேக்ரோபேஜ்களாக மாறுகின்றன. செத்ததை விழுங்கிச் சுத்தம் செய்வது இவற்றின் தொழில். கையில் நரம்பு அறுபட்டால் இதே மேக்ரோபேஜ்கள் வந்து சில வாரங்களில் கழிவை அள்ளிவிடும். புதிய நார் நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வீதம் வளரும். தண்டுவடத்தில் அது நடப்பதில்லை. நரம்பு நார்களைப் போர்த்தியிருந்த மையலின் என்ற கொழுப்புறை நொறுங்கி மலைபோல் கிடக்கிறது. மேக்ரோபேஜ்கள் அதை விழுங்கி விழுங்கி, உள்ளே கொழுப்புத் துளிகள் நிறைந்து, நுரைபோல உப்பிவிடுகின்றன. மேலும் விழுங்க முடியாமல் அங்கேயே செத்து, விழுங்கியதைத் திரும்பக் கொட்டுகின்றன. ஊருணியைத் தூர் வாரி, அள்ளிய வண்டலைக் கரையிலேயே குவித்து வைத்தால் அடுத்த மழையில் அத்தனையும் உள்ளே இறங்குமே, அந்தக் கதைதான். நொறுங்கிய மையலினில் நரம்பு வளர்வதைத் தடுக்கும் புரதங்களும் இருக்கின்றன. சூரிச்சில் மார்ட்டின் ஷ்வாப் குழு 1980-களின் இறுதியிலிருந்து இதை விளக்கிக் காட்டியது. மனிதத் தண்டுவடத்தில் இந்தக் கழிவு ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது. மேக்ரோபேஜ்களும் மாதக்கணக்கில் நிற்கின்றன.

இதற்கு அப்புறம்தான் டி செல்களும் பி செல்களும். இவை ஒரு குறிப்பிட்ட புரதத்தை அடையாளம் கண்டு, நினைவில் வைத்து வேலை செய்பவை. உடைந்த தண்டுவடத்திலிருந்து வெளியேறும் புரதங்கள் நிணநீர் முடிச்சுகளையும் மண்ணீரலையும் எட்டும்போது, சொந்த உடலின் நரம்புத் திசுவுக்கு எதிராகவே எதிர்ப்பொருள்கள் உருவாகலாம். பி செல்களே இல்லாமல் பிறந்த எலிகள் தண்டுவடக் காயத்திலிருந்து மற்ற எலிகளைவிட நன்றாகத் தேறின என்று ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிலிப் போப்போவிச் குழு 2009-இல் காட்டியது.

இந்தத் துறையில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது 1998, 1999 ஆகிய இரண்டு ஆண்டுகள். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் மிகால் ஷ்வார்ட்ஸ் குழு, தண்டுவடம் அறுக்கப்பட்ட எலிகளுக்கு வெளியிலிருந்து மேக்ரோபேஜ்களைச் செலுத்தியது. வெறுமனே செலுத்தவில்லை. கால் நரம்பின் துண்டுகளோடு சில நேரம் ஊறவைத்து, அந்தச் சூழலுக்குப் பழக்கிய மேக்ரோபேஜ்கள் அவை. எலிகளில் சிலவற்றுக்குக் கால் அசைவு ஓரளவு திரும்பியது. அடுத்த ஆண்டே போப்போவிச் குழு நேர் எதிரானதைச் செய்தது. மேக்ரோபேஜ்கள் விழுங்கினால் செத்துப்போகும் மருந்தைக் கொழுப்புக் குமிழிகளில் அடைத்து எலியின் ரத்தத்தில் ஏற்றி, அவற்றின் எண்ணிக்கையைக் குறைத்தது. அந்த எலிகளும் மற்றவற்றைவிட நன்றாக நடந்தன. சேர்த்தாலும் நல்லது, நீக்கினாலும் நல்லது என்றால் எப்படி? இரண்டுமே உண்மைதான். மேக்ரோபேஜ் என்று ஒரே பெயரில் அழைத்தாலும், எந்த நாளில், எந்தச் சூழலில், என்ன பழக்கத்தோடு அது நிற்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அது செய்வது அமைகிறது. 2009-இல் இதே ஒகையோ குழு இதைப் பிரித்துக் காட்டியது. காயத்துக்குள் வரும் மேக்ரோபேஜ்களில் நரம்பு வளர உதவும் வகை சில நாட்களே தெரிகிறது. நரம்புக்கு நஞ்சாகும் வகைதான் நீடித்து நிற்கிறது. இன்றைக்கு இந்த இரண்டு வகைப் பிரிவே மிக எளிமையானது என்று ஆகிவிட்டது. நடுவில் பல நிலைகள் இருக்கின்றன. ஆனால் அன்று கிடைத்த அடிப்படைப் புரிதல் மாறவில்லை.

மைக்ரோகிளியாவின் கதையும் அதேதான். மருந்து கொடுத்து இவற்றை முன்கூட்டியே அழித்துவிட்டு எலியின் தண்டுவடத்தில் காயம் உண்டாக்கினால் நிலைமை மோசமாகிறது என்று 2019-இல் கனடாவின் கியூபெக்கிலிருந்து ஆய்வு வந்தது. காயத்தின் நடுப்பகுதிக்கும் அதைச் சுற்றி ஆஸ்ட்ரோசைட்டுகள் என்ற துணைச் செல்கள் கட்டும் தழும்புக்கும் இடையே மைக்ரோகிளியா ஒரு அடுக்காக நின்று, கேடு வெளியே பரவாமல் தடுக்கிறது. 2020-இல் இன்னும் வியப்பான ஒன்று தெரிந்தது. பிறந்து ஓரிரு நாளே ஆன எலிக்குட்டியின் தண்டுவடத்தை நசுக்கினால் தழும்பே இல்லாமல் ஆறுகிறது. நார்கள் அந்த இடத்தைத் தாண்டி வளர்கின்றன. அந்தக் குட்டியின் மைக்ரோகிளியாவை நீக்கிவிட்டால் அப்படி ஆறுவதில்லை. வரிக்குதிரை மீனைப் பாருங்கள். தண்டுவடம் அறுந்தாலும் சில வாரங்களில் மறுபடி நீந்தும். அதன் குஞ்சுகளில் மேக்ரோபேஜ்கள் இல்லாமல் செய்தபோது தொடக்க அழற்சி அடங்காமல் நீண்டு, நார் வளர்வது நின்றது. தொடக்க அழற்சியையே முழுக்க அடக்கியபோதும் வளர்ச்சி தடைபட்டது. அழற்சி எழவும் வேண்டும், நேரத்தில் தணியவும் வேண்டும். மீனுக்கும் எலிக்குட்டிக்கும் இது வாய்த்திருக்கிறது, வளர்ந்த மனிதனுக்கு வாய்க்கவில்லை.

இந்தச் செல்களெல்லாம் எங்கிருந்து வருகின்றன என்பதிலேயே சமீபத்தில் பெரிய திருப்பம் நடந்தது. மூளைக்குள் ஒட்டிய அயல் தோலை எதிர்ப்பு மண்டலம் உடனே தாக்குவதில்லை என்று பீட்டர் மெடாவர் 1948-இல் கண்டார். அதை வைத்து, மூளையும் தண்டுவடமும் எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணுக்கு எட்டாத இடங்கள் என்று பல பத்தாண்டுகள் கற்பிக்கப்பட்டது. 2015-இல் மூளையின் உறைகளில் நிணநீர்க் குழாய்கள் இருப்பதை அமெரிக்காவிலும் பின்லாந்திலும் இரண்டு குழுக்கள் காட்டின. 2021-இல் ஜொனாதன் கிப்னிஸ் குழு இன்னொரு படி மேலே போனது. தண்டுவடத்தைச் சுற்றியுள்ள உறைகளில் இருக்கும் மோனோசைட்டுகளிலும் நியூட்ரோபில்களிலும் பெரும்பங்கு ரத்தத்தின் வழியாக வந்தவை அல்ல. பக்கத்திலேயே இருக்கும் முதுகெலும்பின் மஜ்ஜையிலிருந்து நுண்ணிய கால்வாய்கள் வழியாக நேரே இறங்கியவை. காயம் பட்டாலும் அங்கிருந்து செல்கள் வருகின்றன. நாம் வெறும் சட்டமாக நினைத்து பிளேட்டு வைத்து இறுக்கும் அந்த எலும்பு, தண்டுவடத்துக்கான செல் கிடங்காகவும் இருக்கிறது. ரத்தத்திலிருந்து வருபவற்றைவிட இந்தச் செல்கள் சற்றுச் சாந்தமான குணம் கொண்டவை என்றும் அந்த ஆய்வு சொல்கிறது.

இவ்வளவு தெரிந்த பிறகு, “வீக்கம் வத்துனா சரியாயிடும்னாங்களே, ஊசி போட்டா வத்திடாதா?” என்ற கேள்விக்கு வரலாம். அந்த ஊசி ஸ்டீராய்டு, மெத்தில்பிரெட்னிசோலோன். 1990-இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வு, அடிபட்ட 8 மணி நேரத்துக்குள் இதை மிக அதிக அளவில் கொடுத்தால் பயன் இருக்கிறது என்றது. உலகம் முழுக்க அதுவே வழக்கமானது. அடுத்து 1997-இல் வந்த ஆய்வில், 48 மணி நேரம் மருந்து ஏற்றியவர்களுக்குக் கடும் நிமோனியாவும் ரத்தத்தில் கிருமி பரவுவதும் கூடுதலாக இருந்தன. பழைய முடிவுகளையும் பலர் மறுபடி கணக்கிட்டுக் கேள்வி எழுப்பினார்கள். 2013-இல் அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர் சங்கங்களின் வழிகாட்டுதல் இந்த மருந்து வேண்டாம் என்றது. 2017-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் ஒன்று, 8 மணி நேரத்துக்குள் வந்தவர்களுக்கு 24 மணி நேரம் மட்டும் கொடுப்பதை ஒரு தேர்வாக விட்டுவைத்தது. ஆகவே ஒரு மருத்துவர் கொடுக்கிறார், இன்னொருவர் மறுக்கிறார் என்றால் இருவரில் ஒருவர் அலட்சியமானவர் என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. எல்லாச் செல்களையும் ஒட்டுமொத்தமாக அடக்கும் மருந்து, நல்லது செய்பவற்றையும் சேர்த்தே அடக்குகிறது. சிக்கல் அங்கேதான்.

மருந்தைவிட நேரம் முக்கியம் என்பதற்கு வலுவான சான்று உண்டு. கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டவர்களைப் பற்றி 2012-இல் வெளியான ஆய்வில், 24 மணி நேரத்துக்குள் அழுத்தம் நீக்கும் ஆபரேஷன் செய்யப்பட்டவர்களில் 19.8 சதவீதம் பேர், நரம்புச் செயல்பாட்டை அளக்கும் அளவுகோலில் ஆறு மாதத்தில் இரண்டு படிகளாவது முன்னேறினார்கள். தாமதமானவர்களில் அது 8.8 சதவீதம். காரைக்குடியிலிருந்து மதுரை ஏறத்தாழ 90 கிலோமீட்டர். விழுந்தவரைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கி உட்காரவைப்பதும், நாட்டு வைத்தியக் கட்டு போட்டுப் பார்ப்போம் என்று இரண்டு நாள் பொறுப்பதும் இன்றும் நடக்கின்றன. கழுத்தும் முதுகும் வளையாமல், ஆட்கள் சேர்ந்து ஒரே நேரத்தில் பலகைக்கு மாற்றி, 108-ஐ அழைப்பதுதான் சரி. சாலை விபத்தென்றால், தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமில்லாமல் கிடைக்கும். பணம் புரட்டும் வரை காத்திருக்க வேண்டாம்.

செல்களையே மருந்தாக்கும் முயற்சி என்ன ஆனது? ஷ்வார்ட்ஸின் எலி ஆய்விலிருந்து கிளம்பிய மேக்ரோபேஜ் சிகிச்சை மனிதர்களிடம் சோதிக்கப்பட்டது. நோயாளியின் ரத்தத்திலிருந்து செல்களை எடுத்து, அவருடைய தோல் துண்டோடு வளர்த்து, தண்டுவடத்தில் செலுத்தினார்கள். முதல் கட்டம் நம்பிக்கை தந்தது. இரண்டாம் கட்டத்தின் முடிவு 2012-இல் வந்தபோது பயன் எதுவும் தெரியவில்லை. இப்போது டி செல்கள் பக்கம் நம்பிக்கை திரும்பியிருக்கிறது. 2024-இல் கிப்னிஸ் குழு, எலியின் காயத்தில் பெருகிய டி செல்கள் எந்தப் புரதத்தைப் பார்த்துப் பெருகின என்று கண்டுபிடித்தது. அந்தப் புரதத்தை அடையாளம் காணும் ஏற்பியை வேறு டி செல்களில் சில நாட்களுக்கு மட்டும் தோன்றும்படி செய்து, காயம்பட்ட எலிகளுக்கு ஏற்றியது. எலிகள் நன்றாகத் தேறின. அந்தச் செல்கள் நிரந்தரமாக அப்படியே இருந்தால் சொந்த நரம்பையே தாக்கும் நோயில் கொண்டுபோய் விடும். அதனால்தான் சில நாள் கணக்கு. நல்ல யோசனை. ஆனாலும் எலியில் நடந்தது மனிதனிடம் நடக்காமல் போன அனுபவம் இந்தத் துறைக்கு ஏற்கெனவே உண்டு.

இனி இரண்டாம் பாதி. மண்ணீரல், நிணநீர் முடிச்சு, எலும்பு மஜ்ஜை எல்லாவற்றுக்கும் நரம்பு இணைப்பு இருக்கிறது. மூளையிலிருந்து தண்டுவடம் வழியாக இறங்கி, முதுகின் நடுப்பகுதியில் வெளியேறும் நரம்புகள் மண்ணீரலுக்குப் போகின்றன. காயம் அதற்கு மேலே, கழுத்திலோ மேல் முதுகிலோ இருந்தால் மூளையின் கட்டுப்பாடு அங்கே போய்ச் சேராது. எலிகளில் இதை அழகாகக் காட்டியிருக்கிறார்கள். மேல் முதுகில் மூன்றாவது மட்டத்தில் காயம் உண்டாக்கப்பட்ட எலிகள், புதிய அயற்பொருளுக்கு எதிர்ப்பொருள் உண்டாக்கத் திணறின. ஒன்பதாவது மட்டத்தில் காயம்பட்டவை வழக்கம்போல உண்டாக்கின. காயம் ஒரே மாதிரி, இடம் மட்டும் வேறு. இன்னொரு பக்கம் அட்ரினல் சுரப்பி தாறுமாறாகி, உடல் தானாகவே ஸ்டீராய்டை அதிகமாகச் சுரந்து எதிர்ப்புச் செல்களைக் குறைக்கிறது என்று 2017-இல் ஜெர்மனியிலிருந்து வந்த ஆய்வு சொன்னது.

ஆறாவது முதுகு மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு வரும் ஆபத்து ஒன்றை இங்கே விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். சிறுநீர்க் குழாய் மடங்கி அடைத்தாலோ, மலம் இறுகினாலோ, காலில் புண் பட்டாலோ அவர்களுக்கு வலி தெரியாது. ஆனால் காயத்துக்குக் கீழே உள்ள நரம்புகள் கட்டுப்பாடில்லாமல் கிளர்ந்து ரத்த அழுத்தத்தை விறுவிறுவென்று ஏற்றிவிடும். தலை வெடிப்பதுபோல் வலிக்கும், முகம் சிவக்கும், மேலே வியர்க்கும். உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான துணியைத் தளர்த்தி, குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அழுத்தம் இறங்காவிட்டால் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இப்படி ஒவ்வொரு முறை கிளரும்போதும் மண்ணீரலின் எதிர்ப்புச் செல்களும் அடிவாங்குகின்றன என்று எலிகளில் 2013-இல் தெரியவந்தது. குழாயை மடங்காமல் வைப்பதும் எதிர்ப்புச் சக்தியைக் காக்கும் வேலைதான்.

தண்டுவடத்தையும் கிருமித் தொற்றையும் தனித்தனியாகப் பார்க்கவும் முடியாது. அமெரிக்காவின் தேசியத் தண்டுவடக் காயப் பதிவேட்டை ஆராய்ந்து 2012-இல் வெளியான கட்டுரை ஒன்று, மருத்துவமனையில் நிமோனியாவோ காயத்தில் தொற்றோ வந்தவர்களுக்கு நரம்பு மீள்வதே குறைந்திருந்தது என்று கண்டது. ஆக, சளியை அகற்றுவதும் புண் வராமல் காப்பதும் உயிரைக் காப்பதோடு நிற்பதில்லை. தேற வாய்ப்புள்ள நார்களுக்கும் அதுதான் பாதுகாப்பு. இந்த ஒரு செய்தியை ஊர் திரும்பும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

முதல் உலகப் போரில் தண்டுவடம் அடிபட்ட வீரர்களில் பெரும்பாலோர் செத்தது படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும்தான். 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் அதை மாற்றினார். இரவு பகல் பார்க்காமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நோயாளியைத் திருப்பிப் போடுவது, சிறுநீரைச் சுத்தமாக வெளியேற்றுவது, சீக்கிரமே எழுப்பி உட்காரவைத்து வேலை கொடுப்பது என்று விடாமல் செய்தார். நம் பக்கத்தில் வேலூரில் மேரி வர்கீஸ் இருந்தார். 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த மருத்துவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-இல் அங்கே மறுவாழ்வு மையம் அமையக் காரணமானார். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் எஸ். இராமகிருஷ்ணன், 1975-இல் கழுத்துக்குக் கீழ் செயலிழந்த பிறகு, 1981-இல் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிப் பல்லாயிரம் பேருக்கு உதவியவர். வர்கீஸும் இராமகிருஷ்ணனும் வாழ்ந்து காட்டியது அறுந்த நரம்பு ஒட்டியதால் அல்ல. தொற்று அண்டாமல் பார்த்துக்கொண்டதால்.

மானகிரிப் பக்கம் ஒரு வீட்டில் பார்த்தேன். சாரத்திலிருந்து விழுந்தவர், கட்டிலைக் காற்றோட்டமான முன் அறையில் போட்டிருந்தார்கள். அவர் மனைவி பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு, எந்த மணிக்கு இடது பக்கம், எந்த மணிக்கு வலது பக்கம், எப்போது மல்லாக்க என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார். திருப்பும்போதெல்லாம் இடுப்பெலும்பு, குதிகால், முதுகின் அடிப்பகுதி மூன்றையும் விரலால் அழுத்திப் பார்க்கிறார். சிவப்பு, அழுத்தி எடுத்தபிறகும் மாறாமல் நின்றால் அந்தப் பக்கம் அன்றைக்குப் படுக்கவைப்பதில்லை. விரலை எடுத்து எனக்குக் காட்டி, “இந்தா வெளுத்துச் சிவக்குது பாருங்கண்ணே, இது பரவால்ல” என்றார். எந்த ஆய்வகத்திலும் இதைவிடக் கவனமான கையை நான் பார்த்ததில்லை.

நம் பக்கத்து வீடுகளில் சில தொல்லைகள் உண்டு. உயரமான வாசற்படி, ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு நிலைப்படி, கடைசிக் கட்டுக்கும் பின்னால் கழிவறை. சக்கர நாற்காலி நகராததால் ஆளைக் கட்டிலிலேயே விட்டுவிடுகிறார்கள். படுத்தே இருந்தால் நுரையீரலின் அடிப்பகுதியில் சளி தேங்கும்; கழுத்தில் அடிபட்டவருக்கு இருமும் வலுவும் இருக்காது. ஒரு சாய்வுப் பலகை போட ஆகும் செலவு, நிமோனியாவுக்கு ஒரு தடவை ஐசியுவில் கிடக்க ஆகும் செலவில் சிறு பங்குகூட வராது. தினமும் சில தடவை மூச்சை இழுத்து நிறுத்தும் பயிற்சி, பிசியோதெரபிஸ்ட் காட்டித்தரும் முறையில் வயிற்றை அழுத்தி இருமவைப்பது, மருத்துவரைக் கேட்டு நிமோனியா, ஃப்ளூ தடுப்பூசிகள்: இவையெல்லாம் காரைக்குடியிலேயே முடிகிற காரியங்கள்.

முடியாத காரியத்தை விற்பவர்களும் வருகிறார்கள். ஸ்டெம் செல் ஊசி போட்டால் நடக்கலாம் என்று சில லட்சங்கள் கேட்கும் இடங்களைப் பற்றி, நிலத்தை விற்கலாமா என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். தண்டுவடக் காயத்துக்கு ஸ்டெம் செல் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் 2017 வழிகாட்டுதல்படி ஆராய்ச்சி நிலையில் இருப்பது. பதிவு செய்த ஆய்வுக்கு வெளியே அதைச் சிகிச்சையாகக் கொடுக்கக் கூடாது. ஆய்வில் சேர்பவரிடம் பணமும் வாங்கக் கூடாது. ‘எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்’ பொடி, லேகியங்களும் அப்படித்தான். கூட்ட வேண்டிய இடமும் குறைக்க வேண்டிய இடமும் ஒரே உடம்பில் இருக்கும்போது எதைக் கூட்டப் போகிறார்கள்?

சிறுநீர்க் குழாய் வைத்திருப்பவர்களின் கல்ச்சர் அறிக்கை (சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். குழாய் நாட்கணக்கில் இருந்தால் சிறுநீரில் கிருமி இருப்பது சகஜம். அறிக்கையில் கிருமி என்று வந்ததற்காக மட்டும் ஆன்டிபயாடிக் சாப்பிட வேண்டியதில்லை. சாப்பிட்டால் மருந்துக்கு அடங்காத கிருமிதான் மிஞ்சும். காய்ச்சல், குளிர் நடுக்கம், காலில் திடீரென்று கூடும் இழுப்பு, வழக்கமில்லாத சோர்வு, தலைவலியோடு வியர்வை ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். எரிச்சல் தெரியவில்லையே என்று காத்திருக்கக் கூடாது. அந்த இடத்தில் அவருக்கு உணர்ச்சி இல்லை. வாய்ப்பிருந்தால் நிரந்தரக் குழாயை எடுத்துவிட்டு, சில மணிக்கொரு தடவை சுத்தமான சிறு குழாயால் சிறுநீரை வெளியேற்றும் முறைக்கு மாறலாமா என்று அடுத்த முறை போகும்போது கேளுங்கள். கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுச் செய்தால் வீட்டிலேயே முடியும். கை நன்றாக வேலை செய்பவர் தானே செய்துகொள்ளலாம்.